என் போனுக்குள் இருந்த இன்னொரு ஆள்

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. காரைக்குடிக்குப் பக்கத்தில், நெல் ஆலைகள் நிறைந்த ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கேதான் வாழ்க்கைப்பட்டு வந்தேன், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன், இனியும் இருந்தாக வேண்டும்.

கணவருக்குக் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். நான் மெயின் ரோட்டில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுப்பது, மனு டைப் அடிப்பது, சாதிச் சான்றிதழ், பட்டா, முதியோர் பென்ஷன், பாஸ்போர்ட் என்று எதற்கு விண்ணப்பிக்க வேண்டுமானாலும் எங்கள் ஊர்க்காரர்கள் என்னிடம்தான் வருவார்கள். வந்தால் போனை அப்படியே என் கையில் கொடுத்துவிடுவார்கள். “ஓடிபி வரும், நீயே பாத்துப் போட்டுக்க ஆத்தா” என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்று கேட்டால், உனக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி ஏதாவது வை என்பார்கள். ஊரில் பாதிப்பேருடைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். யாருக்கு எந்த ஆஸ்பத்திரியில் என்ன வைத்தியம் நடக்கிறது, எந்த வீட்டுப் பிள்ளை தேர்வில் தவறிவிட்டு வீட்டில் மறைத்து வைத்திருக்கிறான் என்பதெல்லாம் தெரியும். ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் நான் சொன்னதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் ஆலை இருக்கிறது. உமியை எரித்து நெல் அவிப்பார்கள். அந்தக் கரித்தூள் காற்று திரும்பினால் எங்கள் தெருவில்தான் விழும். காயப்போட்ட துணி, மூடி வைத்த குடம், சோற்றுப் பானை என்று எல்லாவற்றிலும் கறுப்பாகப் படியும். தெருவில் இரண்டு மூன்று பெரிய செட்டியார் வீடுகள் உண்டு. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும்தான் திறப்பார்கள். வருவதற்கு முன்னால் ஆள் விட்டு மாடியைக் கழுவிவிட்டால் அவர்களுக்குப் போதும். வருடம் முழுக்க அதை மூச்சில் இழுக்கிறவர்கள் நாங்கள்தான். எதிர்வீட்டு அக்காவின் மகளுக்கு எட்டு வயது. கரி விழுகிற நாட்களில் அந்தப் பிள்ளைக்கு இழுப்பு வந்துவிடும். அக்கா மூச்சு மெஷினைப் பிள்ளையின் மூக்கில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என் கடைக்குப் போகிற வழியில் பார்ப்பேன். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குப் பிறந்த வீடு மாதிரி இருந்தவர் அந்த அக்காதான்.

மனுக் கொடுக்கலாம் என்று முதலில் சொன்னவர் எங்கள் தெருவில் இருக்கிற ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அண்ணன். பேசத் தெரிந்தவர், யாருக்கும் அஞ்சாதவர் என்று பெயர். மனுவை என் கடையில்தான் டைப் அடித்தோம். தெருவே கையெழுத்துப் போட்டது. எல்லோருக்கும் தெரிந்த நம்பர் என்பதால் தொடர்புக்கு என் போன் நம்பரைப் போட்டோம். ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் ஆரம்பித்தோம். அதில் கரி படிந்த துணியின் படங்களைப் போட்டு வைத்தோம். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குச் சிவகங்கைக்குப் போய் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

சில நாள் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து போன். மனு சம்பந்தமாக ஒரு விசாரணை, வந்து போங்கள் என்றார்கள். எந்த நிலையம் என்பதும் வேண்டாம். நான் தனியாகத்தான் போனேன். அங்கே மஃப்டியில் ஒருவர் இருந்தார். மரியாதையாக உட்காரச் சொன்னார். பெண் காவலர் ஒருவர் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

“ஆலை முதலாளியும் ஒரு புகார் குடுத்திருக்காரும்மா. குரூப்புல தப்பா எதுவும் பேசலன்னு நாங்க பாத்து எழுதிட்டம்னா ஒங்களுக்குத்தான் நல்லது. போனைக் குடுங்க, பாத்துட்டுத் தாரேன்.”

கொடுத்தேன். தப்பாக எதுவும் இல்லை என்று தெரியும், அதனால் தைரியமாகவே கொடுத்தேன். எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். நடுவில் ஒருமுறை வெளியே வந்து, “லாக் ஆயிருச்சும்மா, ஒரு தடவ விரல வைங்க” என்று நீட்டினார். டீ டம்ளரை மறு கைக்கு மாற்றிக்கொண்டு விரலை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் போனைத் திருப்பிக் கொடுத்து, “ஒண்ணும் இல்லம்மா, போயிட்டு வாங்க” என்றார். எவ்வளவு தன்மையான மனிதர் என்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

அந்தச் சமயத்தில் எனக்கு வேறொரு கவலையும் இருந்தது. அக்குளுக்குக் கீழே ஒரு கட்டி தட்டுப்பட்டது. கணவரிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவார். என் தங்கை மதுரையில் நர்ஸாக இருக்கிறாள். அவளிடம் மட்டும் சொன்னேன். எந்த இடம், எப்படி இருக்கிறது என்று பார்க்கப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். கூச்சத்தோடு எடுத்து அனுப்பினேன். பார்த்ததும் அழிக்கச் சொன்னாள், இருவரும் அழித்துவிட்டோம். பிறகு அவளே மதுரைக்கு வரவழைத்து ஸ்கேன் எடுக்க வைத்தாள். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இது எனக்கும் தங்கைக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

மனுவுக்கு ஒரு பதிலும் இல்லை. விடியற்காலையில்தான் ஆலையில் வடிகட்டியை நிறுத்திவிட்டுப் புகையை விடுகிறார்கள் என்று கண்டக்டர் அண்ணன் கண்டுபிடித்தார். அதை வீடியோ எடுத்தால் மறுக்க முடியாது என்றார். பெரிய குரூப்பில் சொன்னால் ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் காதுக்குப் போய்விடும் என்று, அண்ணன், அக்கா, நான் மூவர் மட்டும் வாட்ஸ்அப்பில் தனியாக ஒரு குரூப் வைத்துப் பேசிக்கொண்டோம். எங்கே நிற்பது, எப்போது போவது எல்லாம் அதில்தான் முடிவானது.

வெளுக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆலைச் சுவருக்குப் பக்கத்தில், நாங்கள் நிற்கப் பேசி வைத்திருந்த அதே வேப்பமரத்தடியில், ஆலை மேனேஜரும் ஒரு போலீஸ்காரரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். புகைபோக்கியில் ஒரு நூல் புகை இல்லை.

“என்ன அண்ணாச்சி, குடும்பத்தோட வாக்கிங் வந்திருக்கீக போல?” என்று மேனேஜர் சிரித்தார்.

நாங்கள் திரும்பி வந்தோம். வழியில் அண்ணன் மட்டும் இரண்டு தடவை என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களைப் பிரித்துப் போட்டது. அண்ணனுடைய மகனைச் சிங்கப்பூரில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஒருநாள் அண்ணன் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். ‘மகன் விஷயம் முடியுற வரைக்கும் நான் கொஞ்சம் பின்னால நின்னுக்கிறேன் ஆத்தா. யார்கிட்டயும் சொல்லிராத, பயந்துட்டான்னு நெனைப்பாக’ என்று. கேட்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அப்படிப் பேசுகிற ஆள் இல்லை அவர். நான் யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடம்கூட.

பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை உண்டு அல்லவா? மகனோடு அண்ணனையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். போய்விட்டு நேராக என் கடைக்கு வந்தார். கடையில் யாரும் இல்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

“அங்கன என்னத்தா சொன்னான் தெரியுமா? ‘மகன் விஷயம் முடியுற வரைக்கும் பின்னால நிக்கிறேன்னு சொன்னீகளாமே, நல்ல முடிவு, அப்படியே நில்லுங்க’ன்னான். பெத்த பிள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டுச் சொன்னான்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “அண்ணே, நான் யார்கிட்டயும்...” என்று ஆரம்பித்தேன்.

“அந்த வார்த்தைய நான் ஒன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அக்காவிடம் ஓடினேன். அவர் அதற்குள் கேள்விப்பட்டிருந்தார். “நீதான் ஸ்டேஷனுக்குப் போயி டீ குடிச்சிட்டு வந்தவ. அந்த ஆளு நல்ல மனுசன்னும் சொன்ன” என்று மட்டும் சொன்னார். பிறகு பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் உள்ளே போனார். வெளியே வரவில்லை.

தெருக் குரூப் கலைந்தது. யாரும் சண்டை போடவில்லை. ஒவ்வொருவராக வெளியேறினார்கள், அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் போனை என் கையில் தரவில்லை. ஓடிபி வந்தால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து நம்பரைச் சொன்னார்கள். நெடுநாள் பழகிய ஒருவர், பென்ஷன் விண்ணப்பத்துக்குக் காரைக்குடி வரைக்கும் பஸ் ஏறிப் போனதை என் கடையிலிருந்தே பார்த்தேன்.

நானும் யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தேன். அண்ணனுடைய மகனே உளறியிருப்பானோ என்று நினைத்தேன். ஒரு கட்டத்தில் தங்கையிடம் போனில் ஏதாவது சொல்லித் தொலைத்தேனோ என்று என்னையே சந்தேகப்பட்டேன்.

அப்புறம் கடைக் கம்ப்யூட்டர் பழுதானது. காரைக்குடியில் சரிசெய்யக் கொடுத்துவிட்டு, அதுவரைக்கும் சமாளிப்பதற்காக, தெரிந்தவர் ஒருவரிடம் பழைய லேப்டாப் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். வாடிக்கையாளர்கள் அனுப்புகிற பேப்பர்களைப் பிரிண்ட் எடுக்க என் வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரிலும் திறந்து வைத்திருப்பது வழக்கம். லேப்டாப்பில் அதை இணைப்பதற்காகப் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என் கணக்கு எந்தெந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது என்று அதில் காட்டும். கடைக் கம்ப்யூட்டர் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தன. ஒன்று பழுதான அன்றோடு நின்றிருந்தது. இன்னொன்றில் ‘கடைசியாக இயங்கியது: இன்று’ என்று இருந்தது.

ஸ்டேஷனில் விரலை வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன் திறந்தே இருந்தாலும், வேறொரு கம்ப்யூட்டரில் நம் வாட்ஸ்அப்பைத் திறக்க வேண்டுமானால் அது இன்னொரு தடவை விரல் கேட்கும். இது யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். தினமும் எத்தனை பேருக்கு இதை நானே செய்து கொடுக்கிறேன். அன்றைக்கு டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் தோன்றவில்லை.

அந்த நாளிலிருந்து நான் எழுதியது, கேட்டது, எனக்கு வந்தது எல்லாவற்றையும் யாரோ ஒருவர் ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறார். திரையைப் படம் எடுத்துக்கொண்டு, உடனே அந்தக் கம்ப்யூட்டரை வெளியேற்றினேன்.

படத்தை எடுத்துக்கொண்டு முதலில் அக்காவிடம் போனேன். எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், “எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சங்கதியெல்லாம் புரியாது. ஒன் போன்ல இருந்துதான் போச்சுன்னு நீயே சொல்லுற. அதத்தான நாங்களும் சொன்னம்?” என்றார்.

நான் பேசப் பேச, நானே எனக்கு எதிராகச் சாட்சி சொல்வதுபோல் இருந்தது.

கண்டக்டர் அண்ணன் படத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். “இருக்கும்த்தா. நீ செஞ்சிருக்க மாட்டன்னு புத்திக்குத் தெரியுது. ஆனா ஒன்னப் பாத்தா, எம் மகனுக்கு முன்னால அங்கன நின்னதுதான் ஞாபகத்துக்கு வருது. நீ இங்குட்டு வராம இருந்தா நல்லது” என்றார். அவர் நம்பாமலே இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

காரைக்குடியில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். “எந்தக் கம்ப்யூட்டர்னு இந்தப் படத்துல இல்லையேம்மா. இருந்ததையும் நீங்களே வெளியேத்திட்டீக. புகார் குடுத்தாலும் விசாரிக்கப் போறது யாரு? அவுகதான்” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. புகார் கொடுக்காவிட்டாலும் அந்த ஆளின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

அதே மனிதர், அதே மரியாதை. உட்காரச் சொன்னார். என் போனை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“எந்தப் போனும்மா? ஒங்க போனை நான் தொட்டதே இல்லையே” என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பிறகு மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடிக்கொண்டே சொன்னார்: “நீங்க கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கீக. ஊர்ல பாதிப்பேரு பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் ஒங்க கையிலதான் இருக்கு. இந்த மாதிரி விசாரணைன்னு ஆரம்பிச்சா, அது எங்கன போயி நிக்கும்னு யோசிச்சுப் பாத்தீகளா?”

யோசித்துப் பார்த்தேன். எழுந்தேன். வாசல்வரை போய்விட்டேன். பின்னாலிருந்து, வீட்டு மனிதர் விசாரிக்கிற மாதிரி கேட்டார்:

“ஒடம்பு இப்பத் தேவலையாம்மா?”

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து, வண்டியில் ஏறாமல் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். தங்கையைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் அது. நான் அனுப்பிய படம், பயத்தில் நான் அழுதுகொண்டே பேசி அனுப்பியது, அவள் தைரியம் சொன்னது என்று எல்லாம் ஒவ்வொன்றாக மனதில் வந்தன. அழித்துவிட்டோம் என்று நாங்கள் நினைப்பதற்கு முன்னாலேயே அவர் பார்த்திருப்பார். அவர் மட்டுமா, பக்கத்தில் யாராவது இருந்தார்களா, படத்தை எடுத்து வைத்துக்கொண்டார்களா? எதுவும் எனக்குத் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை.

அந்த வாரம் ஊருக்கு வந்த கணவரிடம் கட்டியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டியைப் பற்றிச் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றதையும் கேட்டார். பிறகு கேட்ட ஒரே கேள்வி, “அந்தப் படத்தையும் பாத்திருப்பானா?” என்பதுதான். பிடித்திருந்த கையை எப்போது எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை. அவர் நல்லவர். ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இன்னமும் இருக்கிறது.

தங்கையிடம் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அவள் எழுதியதையும்தானே அந்த ஆள் படித்திருக்கிறார், சொல்லாமல் மறைப்பது நியாயமில்லை என்று சொல்லிவிட்டேன். படம் அனுப்பச் சொன்னது நான்தானே என்று அவள் அழுதாள்.

ஆலையில் பிறகு புகைபோக்கியை உயர்த்திக் கட்டினார்கள். எங்கள் தெருவில் இப்போது கரி குறைவு. அது பக்கத்து ஊரில் விழுவதாகச் சொல்கிறார்கள். அண்ணனுடைய மகன் சிங்கப்பூர் போய்விட்டான். அக்கா பிள்ளையைத் தேவகோட்டையில் தன் அம்மா வீட்டில் விட்டுப் படிக்க வைக்கிறார். எதிரெதிர் வீடுதான், கோலம் போடும்போது இருவரும் நிமிர்வதில்லை. கடை நடக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்களும், விவரம் தெரியாத புதுக் குடித்தனக்காரர்களும் வருகிறார்கள். போனை யாராவது என்னிடம் நீட்டினால் நானே வேண்டாம் என்கிறேன். நீங்களே போடுங்கள், உங்கள் நம்பரை என்னிடம் சொல்லாதீர்கள் என்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

தப்புச் செய்யாதவர்களுக்கு என்ன பயம், பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று எளிதாகச் சொல்கிறவர்களைக் கேட்கும்போது எனக்கு வாயைத் திறக்கத் தோன்றுவதில்லை. நானும் அப்படித்தான் நினைத்துப் போனைக் கொடுத்தேன். எங்கள் மூவரில் ஒருவரும் ஒரு தப்பும் செய்யவில்லை. அப்படியும் ஒருவர் தன் மகன் முன்னால் தலைகுனிந்தார், இன்னொருவர் எனக்கு அக்காவாக இல்லாமல் போனார். நானோ, மனசு விட்டுப் பேசுகிற பழக்கத்தையே விட்டுவிட்டேன். தங்கை போன் செய்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், எங்களைத் தவிர யாரும் கேட்கவில்லை என்று புத்திக்குத் தெரிந்தும், “நல்லா இருக்கேன்” என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிகிறது.